சுவருக்குப் பின்னால் போயும் ஏன் சாகிறோம்? வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 குறைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சித்தி பையன் ஒருவன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு நாள் ராத்திரி போன் போட்டு, "இந்த கேமே ஃபிராடுண்ணா, டெலீட் பண்ணப் போறேன்" என்றான். என்னடா ஆச்சு என்று கேட்டால் ஒரே மூச்சில் நாலு புகார் சொன்னான். மறைவுக்குள் ஓடின பிறகும் சாகிறான். எதிர் அணி எப்போதும் வலுவாகவே வருகிறது. ஒருத்தன் கண்டிப்பாக ஹாக்கர். ஒரு துப்பாக்கி மட்டும் அநியாயத்துக்கு அடிக்கிறது. நாலையும் சேர்த்து அவன் வைத்த பெயர் ஒன்றுதான்: நியாயமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாலுக்கும் நாலு வேறு காரணம் இருந்தது. ஒன்று அவன் வீட்டு நெட், ஒன்று ஆட்டத்தின் கணக்கு, ஒன்று அவனுக்குத் தெரியாத ஒரு விதி, மிச்சம் ஒன்று உண்மையிலேயே ரிப்போர்ட் பண்ண வேண்டிய ஆள். எது எந்த வகை என்று பிரிக்காமல் கோபப்பட்டால் எதையும் சரிசெய்ய முடியாது. வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் இணையத்தில் மோதும் துப்பாக்கி ஆட்டங்கள். அன்றைக்கு நாங்கள் பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால்: எண்களைத் திரையில் கொண்டு வாருங்கள்

வேலரண்டில் செட்டிங்ஸுக்குள் வீடியோ, அதற்குள் ஸ்டாட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஃப்ரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்), நெட்வொர்க் நேரம் (ஆட்டத்தை நடத்தும் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம், இதைத்தான் பிங் என்கிறோம்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலைந்துபோகும் தரவுத் துண்டுகள்) மூன்றையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் கேம் செட்டிங்ஸுக்குள் டெலிமெட்ரி என்ற பகுதியில் இதே விவரங்கள் கிடைக்கும். இரண்டு மூன்று மேட்ச் இப்படியே ஆடிவிட்டு, கடுப்பான சாவு ஒவ்வொன்றின் போதும் எண் என்ன காட்டியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிச் சந்தேகங்கள் இந்தத் தாளிலேயே தீரும்.

அறிகுறி: மறைவுக்குள் போன பிறகும் சாகிறேன்

இதுதான் அதிகம் பேர் சொல்லும் புகார். ஆட்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நல்ல இடமும் இதுதான்.

எதிராளியின் திரையில் நீங்கள் தெரிவது கொஞ்ச நேரம் முந்தைய நீங்கள். உங்கள் அசைவு சர்வருக்குப் போய், அங்கிருந்து அவருக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. அவர் சுட்ட செய்தி சர்வருக்குத் திரும்பி வரவும் நேரம் பிடிக்கிறது. அது வந்து சேர்ந்ததும் சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னால் சுற்றி, அவர் சுட்ட அந்தக் கணத்தில் அவர் திரையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்கின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனத்தின் பொறியாளர் யான் பெர்னியர் 2001இலேயே இந்த முறையை விளக்கி எழுதியிருக்கிறார். இன்றைக்கும் பெரும்பாலான துப்பாக்கி ஆட்டங்களில் இதுதான் அடிப்படை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலரண்டில் ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் வேகம் நொடிக்கு சுமார் 5.4 மீட்டர். உங்களைச் சுட்டவரின் பிங் 100 மில்லிநொடி என்றால், அந்த நேரத்துக்குள் நீங்கள் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நகர்ந்திருப்பீர்கள். அதாவது உங்கள் திரையில் உடம்பு முழுவதும் சுவருக்குப் பின்னால் போயாகிவிட்டது. அவர் திரையில் தோள் இன்னும் வெளியே தெரிகிறது. இரண்டு பேரும் பார்த்தது நிஜம்தான்.

பின்னால் சுற்றாமல் விட்டால் என்ன ஆகும்? பிங் எவ்வளவோ அவ்வளவு தூரம் முன்னால் குறிபார்த்துச் சுட வேண்டும். பழைய மோடம் காலத்தில் ஆடியவர்கள் அப்படித்தான் ஆடினார்கள். அது எல்லோருக்குமே கொடுமை. அதனால் சுடுகிறவர் பக்கம் சாய்ந்த இந்தத் தீர்ப்பு சரியான தேர்வு என்றே நான் நினைக்கிறேன். அதற்கு விலையாக ஓடுகிறவர் சில மேட்சில் கால் நொடிக்குள் ஏமாறுகிறார்.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். இப்படிச் செத்த நேரமெல்லாம் உங்கள் பிங் 40க்குள் நிலையாக இருந்திருந்தால் உங்கள் பக்கம் கோளாறு இல்லை. பழக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்: ஒரு முறை சுட்டதும் உடனே மறைவுக்குள் திரும்புங்கள், அடி வாங்கின பிறகு திரும்ப நினைக்காதீர்கள். உங்கள் பிங்கே 90, 120 என்று எகிறியிருந்தால் பிங் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: மூலையைப் பார்த்துக் காத்திருக்கிறேன், வருகிறவன் முந்திக்கொள்கிறான்

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. எட்டிப் பார்க்கிறவர் தன் திரையில் உடனே உங்களைப் பார்க்கிறார், ஏனென்றால் நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள். அவர் வெளியே வந்த செய்தி சர்வர் வழியாக உங்களிடம் வந்து சேர்ந்தால்தான் நீங்கள் அவரைப் பார்க்க முடியும். இரண்டு பேருக்கும் பிங் 40 என்றால் அந்தப் பயணத்துக்கு மட்டும் 40 மில்லிநொடி, அதற்கு மேல் சர்வரின் துடிப்பு நேரம் (ஒரு முறை கணக்குப் பார்த்து அடுத்த முறை பார்க்கும் வரை ஆகும் நேரம்), உங்கள் கணினி அசைவைச் சீராகக் காட்டச் சேர்த்துவைக்கும் நேரம், திரையின் ஃப்ரேம் நேரம் எல்லாம் சேரும். மனிதக் கண்ணும் கையும் சேர்ந்து செயல்படவே கிட்டத்தட்ட 200 மில்லிநொடி ஆகும்போது, 60, 70 மில்லிநொடி முன்னதாகப் பார்ப்பது பெரிய வித்தியாசம்.

வேலரண்டைச் செய்த ரயட் இதைக் குறைக்கத்தான் 128 டிக் சர்வர் வைத்தது. நொடிக்கு 128 முறை கணக்குப் பார்க்கிறது என்றால் ஒரு துடிப்புக்கு 8 மில்லிநொடிக்கும் குறைவு. பழைய கவுண்டர் ஸ்ட்ரைக்கின் அதிகாரபூர்வ சர்வர்கள் 64 டிக், அங்கே ஒரு துடிப்புக்குக் கிட்டத்தட்ட 16 மில்லிநொடி. 2023 செப்டம்பரில் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2, துடிப்புகளுக்கு நடுவில் நீங்கள் எந்தக் கணத்தில் சுட்டீர்கள் என்பதையும் குறித்து அனுப்பும் சப்டிக் முறைக்கு மாறியது. எந்த முறையிலும் வித்தியாசம் குறையுமே தவிர பூஜ்யம் ஆகாது, செய்தி கம்பியில் ஓடித்தானே ஆக வேண்டும்.

இதற்கு மருந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. மூலையை ஒட்டி நிற்காதீர்கள். மூலையிலிருந்து தூரமாக இருப்பவருக்கு, பக்கத்தில் இருப்பவரின் தோள்தான் முதலில் தெரியும். இது நேர்கோட்டுக் கணக்கு, இதற்கும் பிங்குக்கும் சம்பந்தம் இல்லை. அப்புறம் குறியை மூலை விளிம்பில் ஒட்டவைக்காமல் ஓர் ஆள் அகலம் தள்ளி வையுங்கள். வேகமாக வெளியே வருகிறவர் உங்கள் திரையில் தெரியும்போது விளிம்பைத் தாண்டித்தான் இருப்பார். இரண்டு ரவுண்டுக்கு ஒரு முறை இடத்தையும் மாற்றுங்கள்.

அறிகுறி: பகலில் நன்றாக ஓடுகிறது, ராத்திரியானால் பிங் ஏறுகிறது

முதலில் உங்கள் ஊரிலிருந்து சர்வர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வேலரண்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு வால்வ் மும்பையிலும் சென்னையிலும் வைத்திருக்கிறது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 10 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை. நடுவில் இருக்கும் கருவிகளும் சுற்றுப்பாதையும் சேர்ந்து 25, 35 காட்டினால் அது ஆரோக்கியமான எண். 100 காட்டினால் எங்கேயோ தப்பு.

அடுத்து லேன் கேபிளைச் சொருகி ஒரு மேட்ச் ஆடுங்கள். எண் நின்றுவிட்டால் குறை வைஃபையில்தான். அடுக்குமாடி வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் முட்டிக்கொள்ளும், ராத்திரி எல்லோரும் வீட்டில் இருக்கும்போது இன்னும் மோசம். கேபிள் இழுக்க முடியாத வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

கேபிளிலும் ஏறுகிறதா? வீட்டில் யாராவது அப்லோடு செய்கிறார்களா என்று பாருங்கள். சித்தி பையன் வீட்டில் நடந்தது இதுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்பா போன் அன்றைய போட்டோக்களை எல்லாம் மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ரவுட்டருக்குள் வரிசை நீண்டு, ஆட்டத்தின் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் அந்தப் போட்டோக்களுக்குப் பின்னால் காத்து நின்றன. வேகம் 100 எம்பிபிஎஸ் திட்டமாக இருந்தாலும் இது நடக்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று பிரிக்கும்) வசதி இருந்தால் ஆன் செய்து, அப்லோடு வேகத்தை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். அந்த வசதி இல்லையென்றால் போட்டோ ஏற்றும் நேரத்தை மாற்றினாலே போதும்.

வீட்டில் எல்லாம் சரி, வெளியேதான் சுற்றுகிறது என்றால் விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில், தரவு போகும் பாதையைக் காட்டும் ட்ரேஸ்ரூட் எடுத்துப் பாருங்கள். என் வீட்டிலேயே ஒரு தடவை, 30 இருந்த பிங் இரண்டு வாரம் 110 ஆக நின்றது. மும்பைக்குப் போக வேண்டிய பாதை சிங்கப்பூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. பிராட்பேண்ட் நிறுவனத்தில் "நெட் ஸ்லோ" என்று மட்டும் நான் சொல்லிக்கொண்டிருந்த வரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய ட்ரேஸ், புதிய ட்ரேஸ் இரண்டையும் தேதியோடு அனுப்பின பிறகுதான் சரியானது. நன்றாக ஓடும் நாளில் ஒரு ட்ரேஸ் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அவன் ஒரே குண்டில் கொல்கிறான், என் குண்டு எதுவும் படவில்லை

ஒரே குண்டு என்பது பல நேரம் நிஜம். வேலரண்டில் முழுக் கவசத்தோடு உங்கள் உயிர் 150. வேண்டல் என்ற ரைஃபிளின் குண்டு தலையில் பட்டால் எந்தத் தூரத்திலும் 160. ஃபேண்டம் என்ற ரைஃபிளோ பக்கத்தில் 156, தூரம் கூடினால் அதைவிடக் குறையும். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஏகே-47 ஹெல்மெட்டையும் மீறி ஒரே குண்டில் முடிக்கும், எதிர்த்தரப்பின் எம்4 முடிக்காது.

தலையில் படாமலே ஒரே குண்டில் செத்ததுபோல் தெரிந்தால் பாக்கெட் லாஸ் எண்ணைப் பாருங்கள். ஏகே நொடிக்குப் பத்துக் குண்டு சுடும். பாக்கெட் வருவது 200 மில்லிநொடி தடைபட்டால் இரண்டு மூன்று குண்டின் அடியும் சேர்ந்து ஒரே நொடித்துண்டில் வந்து விழும். இழப்பு இல்லாமல் பிங் மட்டும் தள்ளாடினால் வேலரண்டில் நெட்வொர்க் பஃபரிங்கை ஒரு படி கூட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் தாமதம் கூடும், ஆட்டம் சீராகும்.

உங்கள் குண்டு படாததற்கு முக்கால்வாசி காரணம் நகர்ந்துகொண்டே சுடுவது. இரண்டு ஆட்டத்திலும் கால் நின்ற பிறகுதான் குண்டு குறிக்குப் போகும். பயிற்சி அரங்கில் நின்று பத்து, நகர்ந்து பத்து சுட்டுச் சுவரைப் பாருங்கள். எதிர்த்திசை விசையைத் தட்டி நிற்பதைப் பழகித்தான் ஆக வேண்டும். அந்த வேலையைக் கீபோர்டே செய்துகொடுக்கும் வசதிகள் வந்தபோது, 2024 ஆகஸ்டில் வால்வ் அவற்றைத் தன் சர்வர்களில் தடை செய்தது. நான் அதை முழு மனதோடு வரவேற்றேன். மாதக்கணக்கில் விரல் பழக்கிய திறமையைக் கடையில் வாங்கக் கூடாது.

அறிகுறி: அவனுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிகிறது, கேட்கிறது

மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் வாங்கியிருந்தும் விண்டோஸில் 60இலேயே விட்டுவைத்திருப்பவர்கள் நிறைய. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து பாருங்கள். 60இல் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடி, 144இல் 6.9. ஃப்ரேமைத் திரையின் வேகத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்கை அணைத்துவிடுங்கள். என்விடியா கார்டு இருந்தால், தாமதத்தைக் குறைக்கும் ரிஃப்ளெக்ஸை ஆன் செய்யுங்கள்.

காலடி எந்தப் பக்கம் என்று புரியவில்லையென்றால் வேலரண்டில் ஹெட்செட்டில் திசை புரியவைக்கும் எச்ஆர்டிஎஃப் ஒலியை ஆன் செய்து, விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்டையும் ஹெட்செட்டின் 7.1 வசதியையும் அணைக்க வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்தால் திசை கலங்கிவிடும்.

அறிகுறி: மேட்சே சமமாக இல்லை, 13-3, 13-4 என்று தோற்கிறோம்

இதில் உணர்ச்சியைவிடக் கணக்கு நல்ல துணை. இரண்டு அணியும் துல்லியமாகச் சமம், ஒவ்வொரு ரவுண்டும் நாணயம் சுண்டுவது மாதிரி என்றே வைத்துக்கொள்வோம். 13 ரவுண்டு முதலில் எடுப்பவர் ஜெயிக்கும் ஆட்டத்தில், அப்போதும் 20 மேட்சில் ஒன்று 13-4 அல்லது அதைவிட மோசமாக முடியும். போட்டுப் பார்த்தேன், 4.9 சதவீதம் வருகிறது. ஐந்து மேட்ச் அடுத்தடுத்துத் தோற்க 32இல் ஒரு வாய்ப்பு, நூறு மேட்ச் ஆடுகிறவருக்கு அப்படி ஒரு வரிசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

நிஜத்தில் ரவுண்டுகள் நாணயம்போல் தனித்தனி கிடையாது. ஒரு ரவுண்டு தோற்றால் அடுத்த ரவுண்டுக்குக் காசு குறைகிறது, காசு குறைந்தால் கையில் நல்ல துப்பாக்கி இல்லை. இந்தச் சறுக்கலைத் தடுக்கத்தான் தோற்றவருக்கும் காசு வைத்திருக்கிறார்கள். வேலரண்டில் தொடர்ந்து தோற்றால் 1900, 2400, 2900 என்று ஏறும், ஜெயித்தவருக்கு 3000. ஆக, மூன்றாவது தோல்வியில் இரண்டு அணியின் வருமானமும் கிட்டத்தட்டச் சமம். சித்தி பையனின் அணி இதைப் பயன்படுத்தவே இல்லை. தோற்ற ஒவ்வொரு ரவுண்டிலும் இரண்டு பேர் சேர்த்துவைக்க, மூன்று பேர் கிடைத்ததை வாங்கி, ஐந்து பேரும் ஒரே ரவுண்டில் முழு ஆயுதத்தோடு நிற்கவே இல்லை. தோற்ற பத்து மேட்சில் ஏழு இப்படித்தான் போயிருந்தது. சேர்த்தால் ஐந்து பேரும் சேருங்கள், வாங்கினால் ஐந்து பேரும் வாங்குங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே 13-4கள் 13-9, 13-10 ஆயின.

காசு நிர்வாகம் சரியாக இருந்தும் வித்தியாசம் தெரிந்தால் ஜோடி சேர்க்கும் முறையைப் பாருங்கள். இதன் மூலம் சதுரங்கத்துக்காக அர்பாட் ஈலோ வகுத்த கணக்கு. அதில் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 எடுப்பார், 400 என்றால் 91. வேலரண்டில் உங்கள் ரேங்க் ஒன்று, உள்ளே மறைந்திருக்கும் மதிப்பு இன்னொன்று, ஜோடி சேர்ப்பது இரண்டாவதை வைத்து. ஜெயித்தால் 15 புள்ளி ஏறி, தோற்றால் 24 இறங்குகிறது என்றால் உள்மதிப்பு உங்கள் ரேங்கைவிடக் கீழே இருக்கிறது என்று பொருள். பெரிய ரேங்க் நண்பரோடு சேர்ந்து ஆடினால் எதிரேயும் அப்படிப்பட்டவர் வருவார், அவரோடு மோதப்போவது நீங்கள்தான். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஆடுகிறவர்கள் குறைவு என்பதால் கிடைத்தவர்களை வைத்து மேட்ச் போடும். 20 மேட்சை இந்த மூன்று வகையாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்.

புது அக்கவுண்ட் போட்டுக் கீழே வந்து ஆடும் ஸ்மர்ஃப்கள் நிஜமான பிரச்சினை. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவனின் ஆசையையே அது கொன்றுவிடுகிறது. தயவுசெய்து ரிப்போர்ட் பண்ணுங்கள், நீங்களும் அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: அந்த ஒரு துப்பாக்கி, அந்த ஒரு ஏஜென்ட் மட்டும் அநியாயம்

சில நேரம் இது முழு உண்மை. 2015 டிசம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஆர்8 ரிவால்வர் வந்தபோது கைத்துப்பாக்கி விலையில் பெரிய துப்பாக்கியின் அடி கிடைத்தது, சில நாட்களிலேயே வால்வ் அதைக் குறைக்க வேண்டியிருந்தது. வேலரண்டில் ஏஜென்ட் என்பது நாம் எடுத்து ஆடும் கதாபாத்திரம். அதில் 2021 நவம்பரில் வந்த சேம்பர் என்ற ஏஜென்ட் ஓராண்டுக்கும் மேல் ஆட்டத்தை ஆண்டுவிட்டு 2022 டிசம்பரில்தான் பெரிய நெர்ஃப் (வலுக்குறைப்பு) வாங்கியது.

ஆனால் வலுவாக இருப்பது மட்டுமே அநியாயம் ஆகாது. மூன்று கேள்வி கேளுங்கள். அதன் விலை என்ன? கவுண்டர் ஸ்ட்ரைக்கின் ஸ்னைப்பர் துப்பாக்கியான ஏடபிள்யூபி உடம்பில் ஒரு குண்டிலேயே கொல்லும், ஆனால் ஆட்டக் காசில் 4750 டாலர், இழந்தால் அணியே தள்ளாடும். பாதி மேட்சுக்கு அப்புறம் அது உங்கள் கைக்கும் வருகிறதா? ஏகே தாக்கும் தரப்புக்கு மட்டும் என்றாலும், 12 ரவுண்டுக்குப் பிறகு தரப்பு மாறுகிறது. மேப் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே பதில்தான். கடைசியாக, அதற்கு எதிராகச் செய்யக்கூடியது ஒன்றாவது இருக்கிறதா? புகை, ஃபிளாஷ், வேறு வழி எதுவும் எடுபடவில்லை என்றால் அதுதான் நிஜமான சமநிலைக் குறை. அதைத் திருத்தும் அடுத்த பேட்ச் (ஆட்டத்தின் புதுப்பிப்பு) வரும்வரை நீங்களும் அதையே எடுத்து ஆடுங்கள், அதன் பலவீனம் அப்போதுதான் தெரியும்.

அறிகுறி: அவன் ஹாக்கர்தான், சத்தியமாக

ஹாக்கர்கள் இருக்கிறார்கள். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த போட்டியில், மேடையிலேயே, ஓர் இந்திய அணி வீரரின் கணினியில் வேர்ட் ஃபைல் பெயரில் ஒளித்துவைத்த ஏமாற்று மென்பொருள் பிடிபட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை, தப்பே செய்யாத மற்ற நாலு பேரின் அணியும் கலைக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதே அளவு வலிப்பது, நன்றாக ஆடும் பையனைப் பத்துப் பேர் சேர்ந்து ஹாக்கர் என்று திட்டுவது. அதனால் முதலில் சோதியுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் டெமோவை (மேட்ச் பதிவை) இறக்கி அவர் கண் வழியாக முழு மேட்சும் பாருங்கள், செத்த ஒரு ரவுண்டை மட்டும் பார்க்காதீர்கள். சுவர் வழியாகக் குறி வைத்தார் என்றால் அதற்கு முன் நீங்கள் ஓடின சத்தம் கேட்டிருக்குமா, அவர் நண்பர் அந்தப் பக்கம் செத்திருந்தாரா என்று பாருங்கள். எந்தத் தகவலும் இல்லாமல், ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் குறி நின்று, ஆள் இல்லாத மூலைகளை அவர் பார்க்கவே இல்லை என்பது ஐந்தாறு ரவுண்டு திரும்பத் திரும்ப நடந்தால் சந்தேகம் சரி. ரிப்போர்ட்டில் ரவுண்டு எண்ணோடு எழுதுங்கள். குரல் அரட்டையில் யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம்.

வேலரண்டில் எதிராளி கண்ணில் படப்போகும் நேரம் வரை அவர் இருக்கும் இடத்தைச் சர்வர் உங்கள் கணினிக்கு அனுப்புவதே இல்லை. அதனால் சுவரைத் தாண்டிப் பார்க்கும் ஹாக்குக்கு அங்கே கிடைக்கும் பலன் ரொம்பக் குறைவு.

அறிகுறி: வேன்கார்ட் பிழை காட்டுகிறது, ஆட்டமே திறக்கவில்லை

வேன்கார்ட் என்பது வேலரண்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். விண்டோஸ் 11இல் வேன் 9001 அல்லது வேன் 9003 என்று வந்தால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துக் கணினியைத் தொடங்கும் வசதி) இரண்டில் ஏதாவது ஒன்றோ இரண்டுமோ ஆன் ஆகவில்லை என்று பொருள். ஹாக் மென்பொருள் கணினி தொடங்கும்போதே நுழைந்துவிடாமல் இருக்கத்தான் இந்தக் கட்டாயம்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்னாலேயே வரும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) கை வைப்பதற்கு முன்னால், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோடு எது என்று பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் பயாஸுக்குள் போய் இரண்டையும் ஆன் செய்தால் முடிந்தது. டிபிஎம், இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் எழுதியிருக்கும். லெகசி என்றிருந்தால் நில்லுங்கள். ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கும், அப்படியே மாற்றினால் விண்டோஸ் ஏறாது. முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்துவைத்து, ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்றின பிறகுதான் தொட வேண்டும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.